புத்தாண்டு உறுதியை ஒற்றை ஆளாக எடுக்காதீர்கள்

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் முகநூல் முழுக்க உறுதிமொழிகள்தான். காலை ஐந்து மணிக்கு எழுவேன், எடையைக் குறைப்பேன், மாதம் இவ்வளவு சேமிப்பேன், வருஷத்துக்கு இத்தனை புத்தகம் படிப்பேன். எழுதுகிற யாரையும் நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் நம் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துத் தம்பி தங்கைகளும் எங்கோ பார்த்த பட்டியலை அப்படியே எடுத்துப் போடும்போது மனசு கேட்கவில்லை. மீன் ஏலத்துக்கு இருட்டோடு கூடையைத் தூக்கிக்கொண்டு போகிற அம்மா இருக்கும் வீட்டில் இருந்துகொண்டு, நம் வீட்டுப் பாடு எதுவும் தெரியாத ஒருவர் போட்ட கணக்கை ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்?

நான் நினைப்பது இதுதான். நாம் ஒரு உறுதி எடுத்தால் அதனால் யாருக்கெல்லாம் வேலை கூடுகிறதோ, யார் கையில் இருந்தெல்லாம் பணம் போகிறதோ, அவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசி எடுக்க வேண்டும். டைரியில் தனியாக எழுதிய உறுதி பொங்கல் வரைக்கும்கூடத் தாங்குவதில்லை.

இதை நான் கற்றுக்கொண்டது நம் ஊரில் கடல்பாசி எடுக்கும் பெண்களிடம். இடுப்பில் சாக்கைக் கட்டி, விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி போட்டு மூச்சடக்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் கையால் பறிக்கிறவர்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-ல் தேசியப் பூங்கா ஆனபிறகு அவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. தலைமுறை தலைமுறையாகப் போன இடத்துக்குப் போவதே குற்றமாகிவிட்டது. அந்த நெருக்கடியில் அவர்கள் கூடிப் பேசி எடுத்த முடிவுகளைப் பாருங்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் பாசிக்குப் போவது. சுரண்டுகிற கருவி எதுவும் எடுத்துப்போகாமல் கையால் மட்டும் பறிப்பது. மீன்பிடித் தடைக்காலத்தில் தாங்களும் நிறுத்திக்கொள்வது. மீதி நாளில் பாசி மறுபடி வளர வேண்டும் என்பதுதான் கணக்கு. அன்றாடம் கடலுக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் இருந்தவர்கள் எடுத்த முடிவு இது. அந்தப் பெண்களின் தலைவி, சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தருகிற சீகாலஜி என்ற சர்வதேச விருது கிடைத்தது. விருது கிடைத்ததில் எனக்குப் பெருமைதான். அதைவிடப் பெரிதாக எனக்குத் தெரிவது, ஒருத்தி மட்டும் 12 நாளோடு நிறுத்தியிருந்தால் அது அவளுக்கு வெறும் நஷ்டமாகப் போயிருக்கும் என்பது. அவள் விட்டுவைத்த பாசியை மறுநாள் இன்னொருத்தி பறித்திருப்பாள். எல்லாரும் சேர்ந்து நிறுத்தியதால்தான் நிறுத்தியதற்குப் பலன் இருந்தது.

அப்படி யாரும் யாரோடும் பேசாமல் போன கதையும் இதே கடலில் இருக்கிறது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்தார்கள். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் இருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் இன்று தண்ணீருக்குள். பாறையை வெட்டியது அதற்குப் பெரிய காரணம்.

சரி, வீட்டுக்கு வருவோம். நான் எங்கள் தெரு மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறவள். குழுவில் பாதிப்பேர் விசைப்படகு வீடுகள். எங்களுக்கு ஜனவரி 1-ஐவிடப் பெரிய தேதி ஏப்ரல் 15. சித்திரை முதல் தேதிக்கு மறுநாள் தடைக்காலம் ஆரம்பிக்கிறது, ஜூன் 14 வரை 61 நாள். நாட்டுப்படகுக்கு இல்லை, விசைப்படகுக்கு உண்டு. மீன் குஞ்சு பொரித்துப் பெருக வேண்டிய காலம் என்பதால் தடை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் அந்த 61 நாளுக்கு அரசு தருகிற நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். வகுத்துப் பாருங்கள், நாளைக்கு 131 ரூபாய் சொச்சம். அதே நாட்களில்தான் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, வலை பார்ப்பது எல்லாம். அதே நாட்களில்தான் பள்ளிக்கூடம் திறக்கிற செலவும். வருஷா வருஷம் மே மாதம் தாலிச்சங்கிலி அடகுக்குப் போவது இதனால்தான்.

புத்தாண்டு அன்று 'இந்த வருஷம் ஒரு லட்சம் சேமிப்பேன்' என்று எழுதுகிற தம்பி இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஜனவரி 1-லிருந்து ஏப்ரல் 14 வரை 104 நாள். நம் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கடல், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. ஆக, மிஞ்சி மிஞ்சிப் போனால் 45 நாள். அதிலும் வாடைக்காற்று ஓங்கி அடிக்கிற நாள், புயல் கூண்டு ஏற்றுகிற நாள், நம் ஆட்களை இலங்கைக் கடற்படை பிடித்துப்போய் வேலைநிறுத்தம் அறிவிக்கிற நாள் எல்லாம் கழியும். டீசல், ஐஸ் காசு கழித்துப் பங்கு பிரித்துக் கையில் வருவது அந்த மிச்ச நாட்களில் மட்டும்தான். எத்தனை நாள் மிஞ்சும், எவ்வளவு மீன்பாடு கிடைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பங்கு கைக்கு வந்த அன்றைக்கே, வியாபாரியின் முன்பணத்துக்கும் கடைக்கடனுக்கும் பிரிப்பதற்கு முன்னால், தடைக்காலத்துக்கென்று ஒரு தொகையை எடுத்துவைக்கலாமா என்று புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து முடிவு பண்ணலாம். இருநூறோ ஐநூறோ, தொகை பெரிதில்லை. இருவருக்கும் தெரிந்து எடுத்துவைத்த காசில் அவ்வளவு எளிதாகக் கை வைக்க முடியாது. பெண்டாட்டி மட்டும் அரிசிப்பானையில் ஒளித்துவைக்கிற காசு முதல் சண்டையிலேயே வெளியே வந்துவிடும். குழுவில் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்!

பிள்ளைகள் விஷயமும் இப்படித்தான். என் அக்கா மகள் பிளஸ் டூ. புது நோட்டில் அழகாக எழுதி வைத்திருந்தாள், தினம் நான்கு மணி நேரம் படிப்பேன் என்று. எந்த நான்கு மணி நேரம் என்று கேட்டேன். பதில் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் காயப்போட்ட கருவாட்டை அள்ள வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், தம்பியைப் பார்க்க வேண்டும். அவள் உறுதி அவள் கையில் இல்லை, அவள் அம்மா கையில் இருந்தது. அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்தோம். மார்ச் பரீட்சை முடிகிற வரைக்கும் கருவாட்டு வேலைக்கு அவளைக் கூப்பிடுவதில்லை, தண்ணீர் தம்பி பொறுப்பு என்று பேசி முடித்தோம். பையன் முகம் சுளித்தான். சுளிக்கட்டும், அவனுக்கும் அதில் பங்கு உண்டு.

நம் மாவட்டத்தில் எந்த மேடையில் ஏறினாலும் அப்துல் கலாமைச் சொல்லாமல் இறங்குவதில்லை. கனவு காணுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். அதோடு அவருடைய அக்கா ஜோஹராவையும் சொல்லுங்கள். சென்னை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் சேர 1,000 ரூபாய் தேவைப்பட்டபோது, வீட்டில் அந்தப் பணம் இல்லாதபோது, தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தவர் அவர். அந்த நகையைத் தன் சம்பாத்தியத்தில் மீட்பேன் என்று தம்பி மனசில் முடிவெடுத்தார். அதற்கு அன்று அவருக்கு இருந்த ஒரே வழி நன்றாகப் படித்து உதவித்தொகை வாங்குவது. விண்வெளி, ஏவுகணை எல்லாம் பிறகு வந்தவை. அந்த வயதில் அவரை உட்கார்ந்து படிக்கவைத்தது அக்காவின் வெறுங்கை. பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிற ஆசிரியர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

தனக்கென்று மட்டும் ஒரு ஆசை இருக்கக் கூடாதா என்று சிலர் கேட்பீர்கள். தாராளமாக இருக்கலாம். நீச்சல் பழகு, தையல் பழகு, ஆங்கிலம் பேசப் பழகு. ஆனால் அதற்கு எடுக்கிற நேரத்தில் உன் வேலையை வீட்டில் யார் பார்க்கிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள். அவர்களிடம் போய்ச் சொல், அவர்கள் சம்மதித்தால் தைரியமாகச் செய். நம் வீட்டுப் பெண்களுக்கும் இதைச் செய்ய இடம் கொடு. நாற்பது வயதில் கையெழுத்துப் போடப் பழகினால் போதும் என்று நினைக்கிற மதினிமார் எங்கள் குழுவில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் புத்தாண்டுக்கு என்ன ஆசை என்று கேட்டதே இல்லை.

ஜனவரி முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் குழு கூடுகிறது. இந்தத் தடவை ஆண்களையும் வரச் சொல்லியிருக்கிறோம், பிளஸ் டூ பிள்ளைகளையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறோம். தடைக்காலத்துக்கு வீட்டுக்கு வீடு எவ்வளவு எடுத்துவைப்பது, பரீட்சை வரைக்கும் எந்தப் பிள்ளையின் வேலையை யார் ஏற்றுக்கொள்வது, இந்த இரண்டும்தான் பேச்சு. தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் இருக்கிறவர்கள் உங்கள் தெருவிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள். மே மாதம் நகை வீட்டில் இருந்ததா, அடகுக்கடைக்குப் போனதா என்று எனக்கு எழுதுங்கள். நானும் எழுதுகிறேன்.