வென்றவர் சரியாகத்தான் ஆடினார் என்று யார் சொன்னது?

சனிக்கிழமை இரவு வீட்டில் ஆடிய போக்கர் சீட்டாட்டத்தில், நான் வைத்த பந்தயத்துக்கு ஈடுகொடுத்து, கடைசிச் சீட்டில் என்னைத் தோற்கடித்ததைப் பற்றி என் மைத்துனர் எழுதியதை நீங்கள் எல்லோரும் படித்துச் சிரித்து முடித்திருப்பீர்கள் என்பதால், அதை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. 'கணக்குப் புலி கவிழ்ந்தது' என்று தலைப்பு வைத்த அவருடைய நகைச்சுவை உணர்வுக்கு என் வணக்கம். ஆனால், போக்கரில் ஒரு முடிவு சரியா தவறா என்பதை, அந்த ஒரு கையில் (ஒரு சுற்று ஆட்டத்தில்) யார் ஜெயித்தார் என்பதை வைத்துச் சொல்ல முடியாது.

எல்லோரும் வைத்த பந்தயம் சேரும் நடுக்குவியலில், அதாவது 'பாட்'-இல், 40 புளியங்கொட்டை கிடந்தது. கடைசிச் சீட்டுக்கு முன்பு, ராஜா ஜோடியோடு நான் இன்னொரு 40-ஐ வைத்தேன். மைத்துனரிடம் மிச்சமிருந்ததும் அவ்வளவுதான். 40 கொடுத்து 120-ஐ எடுக்கப் பார்ப்பவர், மூன்றில் ஒரு தடவையாவது ஜெயித்தால்தான் போட்டது தேறும். ஃப்ளஷுக்கு (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) ஒரு சீட்டு குறைந்த அவருடைய கைக்கு, அவர் பார்க்காத 46 சீட்டுகளில் உதவக்கூடியவை 9 ஹார்ட்டின் மட்டுமே. அதாவது ஐந்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. இப்படி ஒவ்வொரு முறை 'கால்' செய்யும்போதும் (எதிராளி வைத்த தொகைக்குச் சமமாகத் தானும் வைக்கும்போதும்), சராசரியாக 16 கொட்டைக்கு மேல் அவர் எனக்குத் தானம் செய்கிறார். அன்று ஹார்ட்டின் வந்தது. அதைப் பாயில் அவர் அறைந்த அறையில் என் டீ டம்ளர் சாய்ந்தது. ஹார்ட்டின் வந்ததால் அந்தக் கால் சரியாகிவிடவில்லை.

'அப்படியென்றால் போக்கர் ஆட்டக்காரர் ராபி ஜேட் லூ ஜெயிக்கவில்லையா?' என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி, ஆனால் கேட்பவர்களுக்கே அது எதிரானது. 2022 செப்டம்பரில், ஹஸ்லர் கேசினோ லைவ் என்ற போக்கர் நேரலை நிகழ்ச்சியில், கடைசிச் சீட்டுக்கு முன்பு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக 10, 10, 9, 3 கிடக்க, கையில் ஜாக்கையும் நான்கையும் வைத்துக்கொண்டு, எதிராளி கேரட் அடெல்ஸ்டீனின் 1,09,000 டாலர் ஆல்-இன்னை (இருப்பது முழுவதையும் வைக்கும் பந்தயத்தை) அவர் கால் செய்தார். மொத்தப் பாட் 2,69,000. விலைப்படி, அதாவது மொத்தப் பாட்டில் அவர் போட வேண்டிய பங்குப்படி, 40 சதவீதத்துக்குச் சற்று மேல் ஜெயித்தால் போதும். அடெல்ஸ்டீனிடம் இருந்ததோ கிளாவர் எட்டும் ஏழும். மீதமுள்ள 44 சீட்டுகளில் 20 வந்தால் அடெல்ஸ்டீனுக்கு வெற்றி, 24 வந்தால் லூவுக்கு. ஆகவே லாபமான கால்தானே என்பீர்கள். இல்லை. லூ அந்தச் சீட்டுகளைப் பார்க்கவில்லை. (ஏமாற்று நடந்ததற்குச் சான்று இல்லை என்றுதான் நிகழ்ச்சியினரின் விசாரணையும் சொன்னது, எனக்கும் அதில் சண்டையில்லை.) அந்தத் தொகையை வைக்கும் ஒருவரிடம் இருக்கக்கூடிய எல்லாக் கைகளோடும் ஒப்பிட்டுத்தான் ஒரு காலை எடைபோட வேண்டும். எதிராளியிடம் இருக்கும் பத்து, ஒன்பது, எந்த ஜோடியும் லூவை வெல்லும்; ராஜாவும் ராணியும் வைத்து ஃப்ளஷுக்குக் காத்திருந்த வெற்று மிரட்டல்கூட வெல்லும். அவர் முந்தியிருந்தது மிகச் சில கைகளைத்தான். அவற்றில் ஒன்று எதிரே இருந்தது, அவ்வளவே.

'சூதாட்டத்தில் என்ன கணக்கு?' என்பவர்களுக்கு: பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது, நாங்கள் ஆடுவது புளியங்கொட்டைக்கு. மேலும், ஒவ்வொரு 'பாட்'-இலும் ஆட்டம் நடத்தும் மேசைக்காரர் கமிஷன் பிடிக்கும் இடத்தில், சரியான முடிவும் நட்டத்தில் முடியலாம் என்பதையும் கணக்குத்தான் சொல்கிறது.

'நீண்ட காலத்தில் கணக்கு பலிக்கும் என்கிறீர்களே, அந்த நீண்ட காலம் எப்போது வரும்?' என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். அதே கை திரும்பி வர வேண்டியதில்லை, ஐயா. வெவ்வேறு கைகளில் விலையும் வாய்ப்பும் பார்த்து எடுக்கும் முடிவுகள் எல்லாம் ஒரே கணக்கில்தான் சேர்கின்றன. மாதக்கணக்கில் தோற்றுக்கொண்டே சரியாக ஆட முடியும் என்பதும் உண்மைதான், ஆனால் அதைச் சாக்காக வைத்து எல்லா முடிவும் ஒன்றே என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

வலிப்பது தோற்றது அல்ல. நான் ஜெயித்தால் 'குருட்டு அதிர்ஷ்டம்', மைத்துனர் ஜெயித்தால் 'தில்லு' என்று நம் வீட்டிலேயே இரண்டு தராசு வைத்திருக்கிறீர்கள். விருந்துச் சோற்றுக்கு நடுவில், குழந்தைகள் முன்னால், 'மாமா, கணக்கு என்ன சொல்லுது?' என்று அவர் கேட்டபோது யாரும் அவரைத் தடுக்கவில்லை. கணக்கு சொல்வது இதுதான்: ராஜா ஜோடி தவிர வேறு என்னென்ன கைகளோடு நான் அந்த 40-ஐ வைத்திருப்பேன் என்று அவர் எண்ணினார், அவற்றுக்கெல்லாம் எதிராகச் சேர்த்துப் பார்த்தால் அவருடைய கை மூன்றில் ஒரு முறை எப்படி ஜெயிக்கும்? ஒரு தாளில் எழுதிக் கொண்டுவரட்டும், வரிவரியாக உட்கார்ந்து பார்க்கிறேன்.