வெட்டு விழுந்த கைக்கும் ஒரு ஆள் உண்டு

சினிமாவில் ரத்தம் கூடிப்போச்சு, கத்தரி போடுங்கள் என்று கேட்பவர்களோடு என்னால் சேர முடியவில்லை. சினிமாதானே, விடுங்கள் என்பவர்களோடும் சேர முடியவில்லை. வீட்டிலும் டூட்டியிலும் கொஞ்ச நாளாக இதே பேச்சு ஓடுகிறது. அங்கே பாதி பாதியாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

கொடூரத்தை விரித்துச் சொல்வது தமிழுக்குப் புதிதல்ல. எங்கள் சோழ நாட்டு அரசவையில் பிறந்த கலிங்கத்துப்பரணியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் குலோத்துங்கனின் படை கருணாகரத் தொண்டைமான் தலைமையில் கலிங்கத்தை அடித்ததைச் செயங்கொண்டார் பாடியது. போர் முடிந்த களத்தில் பேய்கள் கூழ் காய்ச்சுகின்றன. செத்தவர்களின் பல்தான் அரிசி, யானைத் தந்தம்தான் உலக்கை. இவ்வளவு தூரம் போகும் துணிச்சல் இன்றைய இயக்குநர் யாருக்கும் கிடையாது. சந்தத்துக்காகவே அதைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். ஆனால் என்னை நிறுத்தி வைத்த இடம் கூழ் காய்ச்சும் இடம் அல்ல. செத்துக் கிடக்கும் கணவனின் உடலை மண் தொடக்கூடாது என்று தன் கையில் தாங்கிக்கொண்டு, அப்படியே தானும் உயிரை விடுகிற ஒரு பெண் நடுவில் வருகிறாள். அந்த ஒரு பாட்டில் பிணம் மனுஷன் ஆகிவிடுகிறது. மற்ற இடங்களில் அது வென்றவன் கணக்குக்கு ஒரு உருப்படி.

இன்னொன்று, எங்கள் பக்கத்துத் திருச்செங்காட்டங்குடி. சிறுத்தொண்டர் ஊர். அடியார் கேட்டார் என்பதற்காகப் பெற்ற பிள்ளையை அறுத்துக் கறி சமைத்த கதை. சித்திரையில் இன்றும் அங்கே அமுது படையல் விழா நடக்கிறது, கூட்டம் கூடுகிறது. கதை என்ற அளவில் இதைவிடக் கொடியது எதுவும் எனக்குத் தெரியாது. சேக்கிழார் அதை எப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள். கிண்கிணி கட்டிய கால் இரண்டையும் தாய் மடியில் இடுக்கிக்கொள்கிறாள், கை இரண்டையும் பிடித்துக்கொள்கிறாள். அப்பா அம்மா ஏதோ சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைத்துப் பிள்ளை சிரிக்கிறான். அப்புறம் அறுக்கிறார் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார். ரத்தம் பீறிட்டதை விவரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு போதும், இரண்டு நாள் சாப்பாடு இறங்காது. இதை மறைத்துச் சொன்னதாகவும் எடுத்துக்கொள்ள முடியாது. யார் மேல் கத்தி விழுகிறது என்பதை முழுசாகக் காட்டிவிட்டார்.

சரி, அப்படியானால் எப்போதும் ரத்தத்தை அடக்கித்தான் எழுத வேண்டுமா? இல்லை. அதற்கு வெண்மணிக்கு வர வேண்டும்.

1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் உயிருக்குப் பயந்து ஒதுங்கியவர்கள் தீயில் வெந்து போனார்கள். 44 பேர். பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். எல்லாரும் தலித் விவசாயக் கூலிகளின் குடும்பங்கள். கூலியாக அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதும், விவசாயத் தொழிலாளர் சங்கத்தை விட்டு வர மறுத்ததும்தான் அவர்கள் செய்தது. 1973-ல் உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுதலை செய்துவிட்டது. காரும் நிலமும் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நீதிமன்றத்தால் நம்ப முடியவில்லை. நம்ப முடியாத அந்த இரவைக் கண்முன் நிறுத்திக் காட்ட எழுத்தும் படமும் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? அங்கே வந்து 'ரொம்பக் கோரமாக இருக்கிறதே, கொஞ்சம் குறைத்துக்கொள்ளக் கூடாதா' என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். கதவை, புகையை, சத்தத்தை, மறுநாள் காலையில் எடுத்ததை, ஒன்று விடாமல் காட்டட்டும். பார்ப்பவனுக்குத் தூக்கம் கெட்டால் கெடட்டும்.

இதில் எனக்கு ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. வெண்மணியை வைத்து இந்திரா பார்த்தசாரதி 'குருதிப்புனல்' எழுதினார், 1977-ல் சாகித்திய அகாதெமி விருதும் வாங்கியது. துணிந்து எழுதிய நாவல், மறுக்கவில்லை. ஆனால் அதில் நிலக்கிழாரின் ஆண்மைக் குறைவு அவன் வன்மத்துக்குப் பெரிய காரணமாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. அரைப்படி நெல் பின்னால் போய்விடுகிறது. ஒருவன் உடம்பில் குறை இருந்ததால் ஊர் எரிந்தது என்று ஆகிவிட்டால், குறை இல்லாத மற்ற மிராசுகள் எல்லாம் தப்பித்துக்கொள்வார்கள். தீயை எவ்வளவு பெரிதாக எழுதினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. எங்கிருந்து மூண்டது என்பதை மாற்றி எழுதுவதுதான் பொறுக்கவில்லை.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். நான் செவிலியர். டெல்டாவில் ஒரு அரசு மருத்துவமனையில் அவசரப் பிரிவில் நிறைய வருடம் இருந்தவள். வரப்புத் தகராறு, வாய்க்கால் தண்ணீர்த் தகராறு, காதல் தகராறு, டாஸ்மாக் தகராறு, எல்லாம் எங்களிடம்தான் வரும். அரிவாள் தலைக்கு நேராக வரும்போது மனுஷன் தன்னையறியாமல் கையைத் தூக்குவான். அதனால் வெட்டு பெரும்பாலும் முன்கையிலும் விரலிலும் இருக்கும். படத்தில் பத்துப் பதினைந்து வெட்டு வாங்கியவன் எழுந்து வசனம் பேசுகிறான். பெரியவர் ஒருவர் உடம்பில் இருப்பதே ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம்தான். அதில் 2 லிட்டர் போய்விட்டால் உயிர் ஊசலாட ஆரம்பித்துவிடும். வசனம் எல்லாம் வராது. தண்ணி கேட்பார்கள், அம்மாவைக் கூப்பிடுவார்கள், குளிருது என்பார்கள்.

பிழைத்தவர்கள் கதை அதோடு முடிவதில்லை. 'நரம்பு வெட்டுப்பட்டுடுச்சு' என்று ஊரில் சொல்வார்கள். பல சமயம் அது விரலை மடக்கும் தசைநாண். தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். தைத்து, வாரக்கணக்கில் கட்டுப்போட்டு, அப்புறம் மாதக்கணக்கில் பிசியோதெரபி. பஸ் காசு கொடுத்து அத்தனை தடவை யார் போவது? பாதியில் நிறுத்திவிடுவார்கள், விரல் பாதிதான் மடங்கும். அந்தக் கையால் நாற்று முடிச்சைப் பிரிக்க முடியாது, கருக்கருவாளைப் பிடிக்க முடியாது. சம்பா அறுப்புக்கு ஊரே வயலில் நிற்கும்போது அவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். இதை எந்தப் படம் காட்டியது? இதைக் காட்ட ஒரு சொட்டு ரத்தம்கூட வேண்டாம்.

என் அக்கா மகன் கல்லூரியில் படிக்கிறான், நல்ல பிள்ளை. "சித்தி, சும்மா ஜாலிக்குத்தான் பாக்குறோம். படம் பாத்துட்டு எவனும் அருவாளத் தூக்கிட்டுப் போகப் போறதில்ல" என்கிறான். நான் அவனை நம்புகிறேன். படம் பார்த்துக் கொலைகாரன் ஆவான் என்று நான் சொல்லவே இல்லை. தலை உருளும்போது தியேட்டர் விசில் அடிக்கிறதே, அந்தத் தலை யாருடையது என்று கேட்டேன். "வில்லனோட அடியாள்" என்றான். பெயர்? தெரியவில்லை. படத்திலேயே கிடையாது. ஒரு படத்துக்கு நாற்பது ஐம்பது பேர் பெயர் இல்லாமல் சாகிறார்கள். அவர்கள் நிறமும் உடையும் எந்தத் தெருவைக் காட்டுகின்றன என்பதையும் கொஞ்சம் கவனியுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை. 'ஏ' என்றால் 18 வயதுக்குக் கீழே உள்ளே விடக்கூடாது, அது சட்டம். 2023-ல் சட்டத்தைத் திருத்தி 'யு/ஏ'-வையும் 7, 13, 16 என்று பிரித்திருக்கிறார்கள். அது பெற்றோருக்கான எச்சரிக்கைதான், வாசலில் தடுக்காது. பண்டிகை நாள் முதல் காட்சிக்கு எங்கள் ஊர்ப் பக்கம் போய்ப் பாருங்கள், 'ஏ' படத்துக்கே மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். டிக்கெட் கிழிப்பவர் ஒன்றும் கேட்பதில்லை. படத்தை வெட்டுவதற்குப் போடுகிற சத்தத்தில் பாதியை இந்த வாசலில் போட்டால் போதும். பெரியவர்களுக்கான படம் முழுசாக இருக்கட்டும், பிள்ளைகள் வெளியே இருக்கட்டும்.

டெல்டாவை வைத்துப் படம் எடுக்க வருகிற தம்பிகளுக்கு ஒரு காட்சி சொல்கிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்கு வெட்டுப்பட்ட கையைத் துண்டால் சுற்றிக்கொண்டு ஒருவர் வருகிறார். ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். யார் வெட்டினது என்று டாக்டர் கேட்கிறார். வெட்டுப்பட்டவர் தன் பின்னால் நிற்கும் ஆளை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, 'களத்துல விழுந்துட்டேங்கய்யா' என்கிறார். கூட வந்த மனைவி எதுவும் பேசாமல் தரையைப் பார்க்கிறாள். அதற்கு முந்தின நாள் வயலில் என்ன நடந்தது, அடுத்த வருஷம் அந்த வீட்டில் யார் வேலைக்குப் போனார்கள் என்பது வரைக்கும் எடுங்கள். நடுவில் எவ்வளவு ரத்தம் வேண்டுமானாலும் இருக்கட்டும், நான் முதல் நாளே டிக்கெட் எடுக்கிறேன்.