பிரிக் லேன் பீர் ஆலை

நேற்று ராத்திரி ஊரிலிருந்து அத்தை மகன் போன் பண்ணினான். நலம் விசாரிக்கக்கூட இல்லை, எடுத்த எடுப்பில் சண்டை. “ஏன்டா, டாஸ்மாக்கை மூடச் சொல்லி நம்ம தெருப் பொம்பளைங்க ரோட்டுல உட்கார்ந்த ஊருடா இது. நீ என்னடான்னா லண்டன்ல பீர் கம்பெனியைக் காப்பாத்துங்கன்னு எழுதிக்கிட்டு இருக்க?” அவன் கேட்டதில் தப்பில்லை. நான் குடிக்கிறவனும் இல்லை. போனில் அரைகுறையாகத்தான் சொன்னேன், அதனால் இங்கே முழுசாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நான் எதிர்ப்பது ட்ரூமன் என்கிற பழைய பீர் ஆலையின் வளாகத்தில் வரப்போகிற கட்டடத் திட்டங்களை. அந்த ஆலையில் பீர் காய்ச்சுவதை 1980களின் கடைசியிலேயே நிறுத்திவிட்டார்கள். கிழக்கு லண்டனில் பிரிக் லேன் என்கிற ஒடுக்கமான தெரு, அதன் இரண்டு பக்கமும் சுமார் பத்து ஏக்கருக்குப் பரந்து கிடக்கிறது அந்த ஆலை. தெருவுக்கு மேலே இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் இணைத்து ஒரு மூடிய பாலம் போகும். கொஞ்சம் தள்ளி உயரமான செங்கல் புகைபோக்கி, அதன் மேல் வெள்ளை எழுத்தில் ட்ரூமன் என்ற பெயர் மேலிருந்து கீழாக. லண்டனுக்கு வந்த புதிதில் எனக்கு வழி தெரியாது, போனில் மேப் பார்க்கவும் காசு கிடையாது. ஒயிட்சேப்பலில் ஒரு அறையில் நாலு பேர் தங்கியிருந்தோம். எங்கே சுற்றினாலும் அந்தப் புகைபோக்கியைத் தேடிப் பிடித்துத்தான் ரூமுக்குத் திரும்புவேன். நம் ஊரில் கோபுரத்தைப் பார்த்து வழி கண்டுபிடிப்போமே, அப்படி.

சாயங்காலம் பிரிக் லேனில் ஒரு கறி ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிற வேலை. கடைக்காரர் வங்காளதேசத்தில் சில்ஹெட் பக்கத்து ஆள். நாங்கள் எல்லோரும் அவரைச் சாச்சா என்றுதான் கூப்பிடுவோம். ராத்திரி கடை சாத்திய பிறகு மிச்சமிருக்கிற பருப்பையும் சோற்றையும் போட்டு உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்வார். அப்போது கதை வரும். எழுபதுகளில் அவர் வந்து இறங்கியபோது ஆலை ஓடிக்கொண்டிருந்ததாம். காலையில் வீட்டுக் கதவைத் திறந்தால் தெரு முழுக்க வாடை, நெல் அவிக்கிற வாடை மாதிரியே இருக்கும் என்பார். நெல் அவிக்கிற வாடை என்றதும் எனக்கு எங்கள் பாட்டி வீட்டுப் பின்கட்டு ஞாபகம் வந்துவிடும். பார்லியை முளைகட்டி, வறுத்து, வெந்நீரில் ஊறப்போடுகிற வாடையைத்தான் அவர் அப்படிச் சொன்னார் என்று பிறகு புரிந்தது.

அந்த இடத்தின் கதை ரொம்பப் பழசு. 1679-இல் ஜோசப் ட்ரூமன் என்பவர் கைக்கு ஆலை வருகிறது. அவருக்குப் பின்னால் வந்த பெஞ்சமின் ட்ரூமன் கறுப்பாக, கெட்டியாக இருக்கும் போர்ட்டர் பீரைக் காய்ச்சிப் பெரும் பணக்காரரானார். அரசர் கையால் சர் பட்டம், பேர்பெற்ற ஓவியர் கெய்ன்ஸ்பரோ தூரிகையால் ஒரு ஓவியம் என்று எல்லாம் கிடைத்தது. 1870களில் உலகத்திலேயே பெரிய பீர் ஆலை இதுதான் என்று சொல்லுமளவுக்கு வளர்ந்தது. இதெல்லாம் விக்கிபீடியாவிலேயே கிடைக்கும், நான் சொல்ல வந்தது வேறு.

ஆலையை ஒட்டி பக்ஸ்டன் தெரு என்று ஒன்று இருக்கிறது. தாமஸ் ஃபோவெல் பக்ஸ்டன் 1808-இல் இந்த ஆலையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு பங்குதாரர் ஆனவர். அங்கே வேலை செய்தவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக வாத்தியார் வைத்துச் சொல்லிக்கொடுத்தவர். நாடாளுமன்றத்துக்குப் போனார், வில்பர்ஃபோர்ஸுக்குப் பிறகு அடிமை ஒழிப்புக்கான போராட்டத்தை அங்கே முன்னின்று நடத்தினார், 1833-இல் சட்டம் வந்தது. லண்டனில் இருக்கிறவர்கள் பழைய ஐந்து பவுண்டு நோட்டை, 2017-இல் செல்லாமல் போன அந்தக் காகித நோட்டை, எங்காவது வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில், சிறைச் சீர்திருத்தத்துக்காகப் பாடுபட்ட எலிசபெத் ஃப்ரை சிறையில் பெண் கைதிகளுக்குப் படித்துக்காட்டுகிற படத்தில், கூட்டத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு உயரமாக நிற்கிறவர் இந்த ஆலைக்காரர்தான்.

ஆனால் தமிழனாக அந்தச் சட்டத்தைப் படிக்கும்போது ஒரு இடத்தில் தொண்டை அடைக்கிறது. இலங்கைக்கும் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகளுக்கும் இது பொருந்தாது என்று அதிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தியாவுக்குச் சட்டம் வர 1843, இலங்கைக்கு 1844 ஆனது. அதற்குள், 1834-லேயே, மொரிஷியஸ் கரும்புத் தோட்டங்களில் விடுதலையாகிற அடிமைகளின் இடத்தை நிரப்ப நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்ற ஆரம்பித்துவிட்டார்கள். பக்ஸ்டன் தெரு பெயர்ப்பலகைக்குக் கீழே நிற்கும்போது எனக்கு இந்த இரண்டும் சேர்ந்துதான் ஞாபகம் வரும். எங்கோ இருக்கிற ஒரு பீர் ஆலைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்களுக்கு, இவ்வளவு இருக்கிறது.

சரி, இப்போதைய பிரச்சினைக்கு வருகிறேன்.

ஆலை வளாகத்தின் ஒரு மூலையில், பிரிக் லேனும் வுட்சீர் தெருவும் சேருகிற இடத்தில், கடைகளும் அலுவலகங்களுமாக ஐந்து மாடிக்கு ஒரு கட்டடம் எழுப்ப உரிமையாளர்கள் அனுமதி கேட்டார்கள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்சேபக் கடிதங்கள் போயின. 2021 செப்டம்பரில் அந்தப் பகுதியின் உள்ளாட்சியான டவர் ஹாம்லெட்ஸ் கவுன்சிலின் பிளானிங் கமிட்டியில் ஓட்டு எடுத்தபோது மூன்றே மூன்று பேர்தான் ஓட்டுப் போட்டார்கள். இதே விண்ணப்பத்தைப் பேசிய முந்தைய கூட்டத்துக்கு வந்தவர்கள்தான் ஓட்டுப் போடலாம் என்பது விதி. ஆதரவாக இரண்டு, எதிராக ஒன்று. அவ்வளவுதான், முடிந்தது. அந்த விதி சரியா என்று கேட்டு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, 2025-இல் அங்கேயும் தோற்றது. ஏழாயிரம் கடிதத்துக்கு எதிரில் இரண்டு கை. சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கலாம், எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்தது 2024-இல் வந்த பெரிய திட்டம். ஆலை வளாகத்தின் மற்ற பகுதிகளில் அலுவலகங்கள், கடைகள், கிரே ஈகிள் தெருவில் ஒரு டேட்டா சென்டர், இவ்வளவுக்கும் நடுவில் 44 வீடுகள். நாற்பத்து நான்கு! டவர் ஹாம்லெட்ஸில் கவுன்சில் வீட்டுக்காகக் காத்திருக்கிற குடும்பங்கள் 20 ஆயிரத்துக்கும் மேல். ஒரே ரூமில் அப்பா அம்மா மூன்று பிள்ளைகள் என்று வாழ்கிற குடும்பங்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கட்டில் மேல் கட்டில் போட்டு, படிக்கிற பிள்ளை குளியலறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு படிக்கும். அப்படிப்பட்ட ஊரில், நகரத்துக்கு நடுவில் இவ்வளவு பெரிய இடம் கிடைத்திருக்கிறது, அதில் கம்ப்யூட்டர்களைக் குளிரூட்டி வைக்க ஒரு கட்டடம் வேண்டுமாம். கவுன்சிலே 2025-இல் இந்தத் திட்டம் வேண்டாம் என்று நிலைப்பாடு எடுத்தது. விஷயம் பொது விசாரணைக்குப் போனது.

“பழைய கட்டடங்களை யாரும் தொடவில்லையே, பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடங்களின் அரசுப் பட்டியலில் இருப்பதெல்லாம் அப்படியேதான் இருக்கும்” என்று ஆதரிக்கிறவர்கள் சொல்கிறார்கள். உண்மைதான். இயக்குநர்கள் இருந்த பழைய வீடு, மேலே கடிகாரம் வைத்த பீர்த் தொட்டிக் கட்டடம், எஞ்சினியர் வீடு எல்லாம் சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன. புகைபோக்கியும் நிற்கும். ஆனால் பட்டியலில் ஏறாத கொட்டகைகள், மதில்கள், காலி முற்றங்கள் இருக்கின்றனவே, அங்கேதான் இத்தனை வருஷமாக ஜனங்கள் பிழைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மேசை போட்டுத் துணி விற்றவர்கள், அடுப்பு வைத்துச் சாப்பாடு போட்டவர்கள், வாடகை கட்டுப்படியாகிற ஒரு மூலையில் தையல் மிஷின் வைத்தவர்கள். அந்த முற்றங்களையெல்லாம் கண்ணாடிக் கட்டடமாக்கிவிட்டு நடுவில் நான்கு பழைய சுவர்களை மட்டும் நிறுத்தினால் அதற்குப் பெயர் பாதுகாப்பா? ஊரைக் காலி பண்ணிவிட்டுக் கோயிலை மட்டும் விட்டுவைத்த மாதிரி இருக்கும்.

உரிமையாளர்களைத் திட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. 1995-இல் அவர்கள் வாங்கியபோது அது பாழடைந்து கிடந்த ஆலை. அதை இடித்துத் தள்ளாமல், ஓவியர்களுக்கும் சின்னச் சின்னக் கடைக்காரர்களுக்கும் அறை அறையாக வாடகைக்கு விட்டு அந்த இடத்துக்கு உயிர் கொடுத்தது அவர்கள்தான். அதற்கு நன்றி சொல்லியே ஆகவேண்டும். ஆனால் அந்த உயிரைக் கொண்டுவந்ததில் தெருவுக்கும் பங்கு உண்டு. இன்றைக்கு அந்த நிலத்துக்கு இவ்வளவு விலை வருகிறது என்றால், பிரிக் லேன் என்ற பெயருக்குத்தான் அந்த விலை. அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தவர்களுக்கு இந்தத் திட்டத்தில் என்ன இருக்கிறது?

அவர்கள் சும்மா வந்து உட்கார்ந்தவர்கள் இல்லை. 1978 மே 4 அன்று, வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த அல்தாப் அலி என்கிற தையல் தொழிலாளியை இனவெறியர்கள் கொன்றார்கள். இருபது சொச்சம் வயது. பத்து நாள் கழித்து அவர் சவப்பெட்டிக்குப் பின்னால் ஏழாயிரம் பேர் பிரதமர் வீடு வரை நடந்தார்கள். சாச்சாவும் நடந்தார். “மழை பெய்தது, யாரும் குடை பிடிக்கலை” என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார், அதற்கு மேல் பேச மாட்டார். அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமையானால் தெருவின் வடக்கு முனையில் நேஷனல் ஃப்ரன்ட் என்கிற இனவெறிக் கட்சி ஆட்கள் பத்திரிகை விற்றுக்கொண்டு நிற்பார்களாம். அவர்களை அங்கிருந்து நகர்த்தியதும் இதே தெருக்காரர்கள்தான்.

2000களின் நடுவில் பிரிக் லேனில் 60 கறி ஹோட்டல்கள் இருந்தன, 2020 தொடக்கத்தில் 23 ஆகிவிட்டது என்று இனச் சமத்துவத்துக்கான அமைப்பான ரனிமீட் டிரஸ்ட்டின் ஆய்வு சொல்கிறது. அதற்குப் பிறகு கொரோனா வேறு வந்தது. சாச்சாவின் கடையும் போய்விட்டது. கட்டட உரிமையாளர் வாடகையை ஏற்றினார், பிள்ளைகளுக்குக் கடையில் நிற்க விருப்பமில்லை, அவருக்கு முழங்கால் வலி. எல்லாப் பழியையும் ஆலைத் திட்டத்தின் தலையில் போட முடியாது, அது நியாயமும் இல்லை. ஆனால் ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிற தெருவின் மேல், வாடகையை இன்னும் ஏற்றிவிடப்போகிற இவ்வளவு அலுவலகங்களைக் கொண்டுவந்து வைத்தால் மிச்சமிருக்கிறவர்கள் எத்தனை நாள் தாங்குவார்கள்?

பழைய ஆலைக்குள் மறுபடி பீர் காய்ச்ச வேண்டும் என்றோ, அந்த இடம் அப்படியே தூசி படிந்து கிடக்க வேண்டும் என்றோ நான் கேட்கவில்லை. கட்டுங்கள். காத்திருக்கிற குடும்பங்கள் வாடகை கொடுக்க முடிகிற வீடுகளாகக் கட்டுங்கள், கீழ்த்தளத்தில் தையல்காரருக்கும் இனிப்புக்கடைக்காரருக்கும் இடம் ஒதுக்குங்கள், முற்றங்களைத் திறந்தே விடுங்கள். பழைய செங்கல்லுக்கு அதனால் ஒரு கெடுதலும் வராது.

லண்டனில் இருக்கிற நம் ஆட்களுக்கு ஒரு வேண்டுகோள். ஈஸ்ட் ஹாமிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறினால் ஆல்ட்கேட் ஈஸ்ட் கொஞ்ச நேரம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அல்தாப் அலி பூங்காவைப் பார்த்துவிட்டு பிரிக் லேனுக்குள் நுழையுங்கள், தெருப்பெயர்கள் வங்காள எழுத்திலும் இருக்கும். ஃபூர்னியர் தெரு முனையில் ஒரு பள்ளிவாசல் வரும். பிரான்சிலிருந்து தப்பி வந்த புராட்டஸ்டன்ட் நெசவாளர்களின் தேவாலயமாக 1743-இல் கட்டியது, அப்புறம் மெதடிஸ்ட்களிடம் போய், 1898-இல் யூதர்களின் ஜெப ஆலயமாகி, 1976-இல் பள்ளிவாசலானது. மேலே சுவரில் ஒரு சூரியக் கடிகாரம் இருக்கும், “நாம் நிழல்கள்” என்று லத்தீனில் எழுதியிருப்பார்கள், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அங்கிருந்து நேரே நடந்தால் ஆலைப் பாலம். நான் அனேகமாக அதற்கு அடியில் சாச்சாவோடு நின்றுகொண்டிருப்பேன். அவருக்கு இப்போது ரொம்ப தூரம் நடக்க முடியாது, ஆனால் எந்த வாசல் வழியாகக் குதிரை வண்டிகள் வந்தன, எந்த இடத்தில் நின்றால் அந்த நெல் அவிக்கிற வாடை அதிகமாக வரும் என்று சரியாகக் காட்டுவார்.