படிப்பை வீணாக்கினேனாம்

நேற்றைய நேரலையைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பார்க்காதவர்கள் விட்டுவிடுங்கள், அதை மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை. "எலக்ட்ரிக்கல் படித்து அதை வீணாக்கிவிட்டு மார்க்கெட்டிங்குக்கு ஓடி வந்தவர்" என்று என்னைப் பற்றி ஓர் அறிமுகம், கூடவே மற்றவர்களின் சிரிப்பு. நானும் சிரித்து வைத்தேன். கேமரா ஓடும்போது வேறென்ன செய்ய?

சரி, எதை வீணாக்கினேன்? மோட்டார், டிரைவ், பம்ப் விற்பவர்களுக்குத்தான் நான் ஆலோசனை சொல்கிறேன். அண்மையில் ஒரு நிறுவனத்தின் பிரவுச்சர் வந்தது. விஎஃப்டி, அதாவது மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி, விற்கிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் கொட்டை எழுத்தில் "மின்செலவு பாதி". சென்ட்ரிஃபியூகல் பம்பின் (சுழற்சியால் தண்ணீரைத் தள்ளும் வகை) வேகத்தை 80 சதவீதமாக்கினால், அதற்குத் தேவையான திறன் முப்படிக் கணக்கில் (0.8 × 0.8 × 0.8) இறங்கி ஏறக்குறைய 51 சதவீதத்துக்கு வரும். ஆகவே பம்புக்கு அந்த வரி பொருந்தும் (தண்ணீரை உயரத்துக்கு ஏற்ற வேண்டியிருந்தால் அதுவும் அவ்வளவு கிடைக்காது). ஆனால் அதே வரி கன்வேயர் (சரக்கை நகர்த்தும் பெல்ட்) பக்கத்திலும் இருந்தது! கன்வேயரில் டார்க், அதாவது சுழற்றும் விசை, வேகம் குறைந்தாலும் அநேகமாக மாறாது. வேகம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுதான் திறன் குறையும், சரக்கு போய்ச் சேரவும் அதற்கேற்ப நேரமாகும். வாங்க வரும் மெயின்டெனன்ஸ் எஞ்சினியர் அந்தப் பக்கத்தைப் பார்த்த நொடியில் பம்ப் பக்கத்தையும் நம்பமாட்டார். எடுக்கச் சொன்னேன். விற்பனைக் குழுவுக்கு என்மேல் இன்னும் கோபம். இதை மார்க்கெட்டிங் என்பீர்களா, எலக்ட்ரிக்கல் என்பீர்களா? நான் படிப்பை விடவில்லை, அதை வைத்துத்தான் பில் போடுகிறேன்.

இன்னொரு வாடிக்கையாளர், "விளம்பரத்தை நிறுத்தியும் விற்பனை விழவில்லையே, அப்போ அது தண்டச் செலவுதானே?" என்றார். மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் கெபாசிட்டர் அதை மெல்ல இழக்கும் டிஸ்சார்ஜ் வளைவை வரைந்து காட்டினேன். சப்ளையை எடுத்ததும் வோல்டேஜ் பூஜ்ஜியமாகிவிடாது, ஒரு டைம் கான்ஸ்டன்ட் (தேய்வின் வேகத்தைக் குறிக்கும் கால அளவு) கழிந்தும் சுமார் 37 சதவீதம் மிச்சமிருக்கும். விளம்பர ஆய்வாளர் சைமன் பிராட்பென்ட் 1979-இல் ஆட்ஸ்டாக் என்று, விளம்பரம் நின்ற பிறகும் மிஞ்சி மெல்லக் குறையும் தாக்கத்துக்குப் பெயர் வைத்துச் சொன்னதும் இதே மாதிரியான தேய்வைத்தான். மூன்றாம் செமஸ்டர் பாடம் ஐயா அது. வீணாகவில்லை.

"எம்பிஏ இல்லாமல் ஆலோசனையா?" என்று வருவீர்கள், தெரியும். மார்க்கெட்டிங் பாடநூல்களுக்குப் பெயர்போன ஃபிலிப் கோட்லர் டாக்டர் பட்டம் வாங்கியது பொருளாதாரத்தில். அவர் பொருளாதாரத்தை வீணாக்கினார் என்று ஏதாவது மேடையில் சொல்லிப் பாருங்களேன்.

"அந்த சீட் வேறொருவருக்குக் கிடைத்திருக்குமே?" என் வகுப்பில் சாஃப்ட்வேருக்குப் போன பாதிப் பேரிடம் இதைக் கேட்டீர்களா? அவர்கள் போனால் வளர்ச்சி, நான் வந்தால் விரயம். நல்ல நியாயம். இன்று என்னை ஒரு சப்ஸ்டேஷனில் நிறுத்தி ரிலே செட்டிங் போடச் சொன்னால் திணறுவேன்தான். அதற்காக யாரும் எனக்குக் காசு தருவதுமில்லை, விடுங்கள்.

உண்மையில் அந்த அறிமுகம்கூட அவ்வளவு உறுத்தவில்லை. கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் எனக்கு "விளம்பரக்காரன்" என்றுதான் பெயர். டிரான்ஸ்ஃபார்மர் பற்றி ஏதாவது பேச்சு வந்து நான் பதில் சொன்னால், "உனக்கு இன்னும் ஞாபகமிருக்கா?" என்று ஒரு சிரிப்புப் பொம்மை. என் அப்பாவும் யாராவது கேட்டால் "எஞ்சினியர்" என்று சொல்லி அத்தோடு நிறுத்திக்கொள்கிறார், நான் பக்கத்தில் நிற்கும்போதே. அவரிடம் போய் ஆட்ஸ்டாக்கை விளக்கவா முடியும்?

ஆனால் அதே குழுவில் யாருக்காவது வேலை போனால், சொந்தத் தொழில் தொடங்கினால், ராத்திரியில் தனியாக மெசேஜ் வருகிறது: "மச்சான், லிங்க்ட்இன் புரொஃபைல் கொஞ்சம் பார்த்துக் கொடேன்." "இந்த கொட்டேஷன் ஏன் கிளிக் ஆகலைன்னு சொல்லேன்." பார்த்துக் கொடுத்திருக்கிறேன், ஒருத்தரிடமும் காசு வாங்காமல். நேற்று கூடச் சிரித்தவர்களில் ஒருவரின் கம்பெனி புரொஃபைல் இப்போதும் என் மெயிலில் திருத்தத்துக்காகக் காத்திருக்கிறது. அதை நாளைக்குத் திருத்தாமலே திருப்பி அனுப்பப் போகிறேன்.