அந்தத் துறைமுகம் ரப்பருக்குக் கட்டியதல்ல

சனிக்கிழமை மண்டபத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்று மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. கிள்ளானுக்குப் பக்கத்தில் நம் காப்பார் ஊர்த் தமிழ்ப் பிள்ளைகள் அத்தனை பேரை உட்கார வைத்துக்கொண்டு, ஒரு பேச்சாளர் "கிள்ளான் துறைமுகத்துக்கும் நமக்கும் சம்பந்தமில்லை, நாம் பிறகு ரப்பருக்கு வந்தவர்கள்" என்று மைக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். கை தூக்கினேன். நேரமில்லை, அப்புறம் பேசலாம் என்றார்கள். சரி, இங்கே பேசுகிறேன்.

அந்தத் துறைமுகம் ரப்பருக்குக் கட்டியதே இல்லை. ஈயத்துக்கு, அதாவது டின் என்கிற வெள்ளீயத்துக்குக் கட்டியது. கோலாலம்பூர் ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோக 1886இல் கிள்ளான் ஆற்றங்கரைப் புக்கிட் கூடா வரைக்கும் ரயில் போட்டார்கள், 1890இல் கிள்ளான் டவுனுக்கு நீட்டினார்கள், ஆற்றில் பெரிய கப்பல் வர ஆழம் போதவில்லை என்றதும் ஆற்று முகத்துவாரத்துச் சதுப்பில் புதிதாகக் கட்டி 1901இல் இன்றைய கிள்ளான் துறைமுகமான போர்ட் சுவெட்டன்ஹாமைத் திறந்தார்கள். பால் மரமான ரப்பரின் நல்ல காலம் அதற்கு அப்புறம்தான் வந்தது. அதற்கு முன்பே நம் ஆட்கள் கம்பிச் சடக்கில், அதாவது ரயில் பாதையில், மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பேராக்கில் தைப்பிங் ஈயத்துக்காக போர்ட் வெல்டுக்கு 1885இல் ரயில் ஓடியதே, அந்த ஊரின் பழைய ஸ்டேஷன் பலகையைப் போய்ப் பாருங்கள், தமிழிலும் எழுதியிருக்கிறது. நாம் இல்லாத இடத்தில் தமிழ் யாருக்காக?

கப்பலுக்கு எத்தனை அடி ஆழம் வேண்டும் என்று கணக்குப் போட்டவர்கள், வேலை செய்கிறவன் எங்கே படுப்பான் என்று கணக்குப் போடவில்லை. மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது என்று 1897இலேயே கண்டுபிடித்தாயிற்று. அப்படியிருந்தும் சதுப்பை வடிக்காமலே திறந்தார்கள். சில வாரத்திலேயே காய்ச்சல் பரவி, துறைமுகத்தையே மூட வேண்டியதாயிற்று. மால்கம் வாட்சன் என்ற டாக்டர் சொன்னபடி காட்டை வெட்டி, கால்வாய் தோண்டி, தண்ணீரை வடித்த பிறகுதான் காய்ச்சல் அடங்கியது. அந்தக் கால்வாயை யார் தோண்டினார்கள்? என் அப்பாயியின் தகப்பனார் அங்கே ரயில் கூலி. கூலி வீட்டு லயத்தில் பாய்க்குப் பாய் ஆள் நடுங்கிக் கிடந்ததையும், மலேரியாவுக்குக் கொடுத்த கொயினா மாத்திரையின் கசப்பில் சோறு இறங்காததையும் அப்பாயி எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அவருடைய தம்பி அங்கேயே போய்விட்டார். எங்கே புதைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

ஈயத்தைச் சீனர்கள்தானே தோண்டினார்கள் என்பீர்கள். ஆமாம், அவர்களும் கூட்டங்கூட்டமாகச் செத்தார்கள், அதை நான் எங்கே மறுத்தேன்? இனம் பேசுகிறேன் என்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. 120 வருடக் கதை இப்போது எதற்கு என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். தம்பி, என் அப்பா அதே துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். முதுகு வளைந்து, கடைசி ஆறு வருடம் நிமிர்ந்து உட்கார முடியாமல் இருந்தார். எனக்கு இது பழைய கதை இல்லை. தோட்டத்தை வீட்டுமனையாக்கி நம்மை வெளியே அனுப்பியபோதும் இப்படித்தான், நீங்கள் இங்கே என்ன கட்டினீர்கள் என்று கேட்டார்கள்.

வேற்றாள் சொல்லியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. சொன்னவர் நம்மவர். பிள்ளைகள் கை தட்டினார்கள், என் மகள் வயிற்றுப் பேரனும் தட்டினான். ராத்திரி அவனை உட்கார வைத்து அப்பாயி கதையை முழுதாகச் சொன்னேன்.

"ஏன் தாத்தா அங்கேயே சொல்லல?" என்று கேட்டான்.