பெரியது பெண், சிறியது ஆண் என்பது மட்டும் போதாது

தேரை வளர்ப்பு பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, ஆண் பெண்ணை அடையாளம் காண்பதைப் பெரியது பெண், சிறியது ஆண் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. நன்கு வளர்ந்தவற்றுக்குச் சரி. ஆனால் இளம் பெண் தேரையும் சிறிதாகத்தானே இருக்கும்? எங்கள் பூதப்பாண்டிப் பக்கம் மழை ராத்திரியில் வயலோரம் டார்ச் அடித்துப் பாருங்கள். தொண்டை உப்பிக் கத்துவது ஆண். இனப்பெருக்கக் காலத்தில் அதன் தொண்டையில் மஞ்சள் படிந்திருக்கும், முன்கால் உள்விரல்களில் கறுப்பாகச் சொரசொரப்பான தடிப்பு தெரியும். முன்கால்களுக்குப் பின்னால் மெல்லப் பிடித்தால் 'என்னை விடு' என்பதுபோல் இடைவிட்டு இடைவிட்டுக் கத்துவதும் பெரும்பாலும் ஆண்தான். அப்புறம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியில் நஞ்சு உண்டு.

தொட்டியில் முட்டையிட வைப்பது லேசு இல்லை. அதற்கு மழைச்சூழல் வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. முட்டைகள் ஜெல்லிச் சரட்டில் கறுப்பு மணி கோத்ததுபோல் நீளமாகப் பாசியில் சுற்றிக் கிடக்கும், ஒரு தடவைக்கு ஆயிரக்கணக்கில். அத்தனைக்கும் இடமும் தீனியும் இருந்தால் மட்டும் இறங்குங்கள். மிஞ்சிய குஞ்சுகளைத் தயவுசெய்து ஊர்க் குளத்தில் விடாதீர்கள். தொட்டியில் தொற்றிய தோல் பூஞ்சை நோய் அங்குள்ள தவளைகளுக்கும் பரவிவிடும்.