லாவா ஓடிய திசையைக் காந்த ஊசி காட்டுமா?

"தக்காணப் பீடபூமியின் எரிமலைப் பாறை அருகே காந்த ஊசியை வையுங்கள்; அது திரும்பும் பக்கம்தான் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் லாவா ஓடிய திசை" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

பாறையில் உறைந்த காந்தத் திசை, லாவா ஆறியபோது பூமியின் காந்தப்புலம் எப்படி இருந்தது என்பதைத்தான் சொல்லும். தக்காண எரிமலைப் பாறைகளில் பெரும்பகுதி உருவானபோது அந்தப் புலம் இன்றைக்கு நேர்மாறாக இருந்தது. அதனால் அங்கே பல பாறைகளின் காந்தம் தெற்குப் பக்கம் நிற்கிறது. லாவா தெற்கே ஓடியது என்று இதற்கு அர்த்தமில்லை.

சரி, ஓட்டத்தைக் காந்தத்தால் அறியவே முடியாதா? முடியும், வேறு வழியில். ஓடும் குழம்பில் மாக்னடைட் (காந்தத்தன்மை உள்ள இரும்புக் கனிமம்) துகள்கள் ஆற்றோடு போகும் குச்சிகள்போல வரிசைப்படும். அந்த வரிசையை அறிய, பாறையில் சுமார் 2.5 செ.மீ. விட்டத்தில் ஓர் உருளையைத் துளைத்து, உடைத்தெடுக்கும் முன்பே அது பாறையில் நின்ற திசையைக் கோடு போட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். அப்புறம் ஆய்வகத்தில் மெல்லிய காந்தப்புலத்தில் பல கோணங்களில் திருப்பி அளக்கிறார்கள். எந்த அச்சில் எளிதாகக் காந்தமாகிறதோ, பெரும்பாலும் அதுவே ஓட்டத்தின் கோடு. அந்தக் கோட்டில் எந்தப் பக்கம் ஓடியது என்பதைத் துகள்களின் சாய்வு காட்டும். துகள்கள் மிக நுண்ணியவையாக இருந்தால் அச்சு குறுக்கே திரும்பிவிடும். அதனால் ஒரே உருளையை நம்பித் திசை சொல்வதில்லை.